உறிஞ்சும் மருந்து உடம்பை என்ன செய்யும்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

மார்கழி பிறந்துவிட்டால் ராஜபாளையத்தில் விடியற்காலையில் மேற்கே மலை தெரியாது. பனி அப்படி இறங்கி நிற்கும். அந்தப் பனியிலேதான் இரவு ஷிப்ட் முடிந்த மில் ஆட்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வீடு திரும்புவார்கள். புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். எங்கள் தெருவில் அந்த வேளையில் எந்த வீட்டில் யார் இருமுகிறார் என்பதைப் படுத்தபடியே சொல்லிவிடலாம். என் தாயாரின் மூச்சுக்கு மட்டும் தனி ஓசை உண்டு. இருமலாகத் தொடங்கிச் சீழ்க்கையாக முடியும். டாக்டர்கள் ஆஸ்துமா என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு 'இளைப்பு' என்று பெயர்.

அம்மா பதினெட்டு ஆண்டுகள் ஒரு நூற்பு மில்லில் கோன் வைண்டிங் பார்த்தவள். பஞ்சுத் தூசியால் மட்டுமே வந்த நோய் என்று நான் சொல்ல வரவில்லை. என் பாட்டிக்கும் அது இருந்தது. மருத்துவர் அவளுக்கு எழுதிக் கொடுத்தது, சிறு கருவியில் போட்டுத் திருகி வாயால் உறிஞ்சும் கேப்ஸ்யூல். ஒவ்வொன்றிலும் புடசோனைடு என்ற ஸ்டீராய்டு 200 மைக்ரோகிராம். மூச்சுக்குழலை விரிக்கும் பார்மோட்டெரால் 6 மைக்ரோகிராம். காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே ஆங்கிலத்தில் அச்சடித்த காகிதம் எதுவாயினும் என் கைக்குத்தான் வரும். நான் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தபோது, மருந்து டப்பாவிலிருந்த துண்டுத்தாளை அம்மா நீட்டி, "என்னய்யா போட்டிருக்கு இதுல?" என்று கேட்டாள். படித்தவன் என்ற மிடுக்கோடு ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். எலும்பின் அடர்த்தி குறையலாம். கண்ணில் புரை விழலாம். அட்ரினல் சுரப்பி ஒடுங்கலாம். தோலில் கன்றிப் போகலாம். "இம்புட்டும் வருமாய்யா?" என்றாள். "போட்டிருக்கேம்மா" என்றேன்.

மறுநாள் முதல் அந்தக் கருவி கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்டது. ஆறு வாரம் ஒன்றும் நேரவில்லை. ஏழாவது வாரம் நள்ளிரவில் ஆட்டோவில் அவளை உட்காரவைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். படுக்கவும் முடியாமல், பேசவும் முடியாமல், என் தோளைப் பிடித்த விரல்களில் நகம் நீலம் பாரித்திருந்தது. பிழைத்தாள். விடிந்தபின் அங்கிருந்த டாக்டரம்மா என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "பட்டியலை வாசிச்சே சரி தம்பி, அளவை வாசிச்சியா?"

அளவை நான் வாசிக்கவில்லை. இந்தக் கட்டுரை, அதற்குப் பிறகு நான் வாசித்தது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஸ்டீராய்டு என்பது ஒரு குடும்பப் பெயர். மூன்று அறுகோண வளையங்களும் ஓர் ஐங்கோண வளையமும் ஒட்டிக்கொண்ட கார்பன் கூடு அதன் அடையாளம். கொலஸ்டிரால் அந்தக் குடும்பம். ஆண், பெண் பால் ஹார்மோன்கள் அந்தக் குடும்பம். உடற்பயிற்சிக் கூடங்களில் சதை பெருக்கச் சிலர் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொள்ளும் ஊசியும் அந்தக் குடும்பம். ஆஸ்துமாவுக்குத் தரப்படுவது கார்டிகோஸ்டீராய்டு என்ற தனிக் கிளை. சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் நம் ஒவ்வொருவர் உடம்பிலும் நாள்தோறும் சுமார் 10 மில்லிகிராம் கார்டிசால் சுரக்கின்றன. ஆக, ஸ்டீராய்டு இல்லாத மனிதன் ஒருவனும் இல்லை. இருந்தால் உயிரோடு இருக்கமாட்டான்.

1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச்சுக்கும் அவருடைய சகாவான வேதியியலார் கெண்டலுக்கும் சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அதற்குள்ளாகவே முகம் பூரண சந்திரன் போல் வீங்குவதும், சர்க்கரை ஏறுவதும், எலும்பு நொறுங்குவதும் மருத்துவர்களின் கண்ணில் பட்டுவிட்டன. ஸ்டீராய்டு என்றதும் நம் ஊரில் எழும் அச்சம் அங்கே பிறந்தது. அது பொய்யச்சமன்று. மாத்திரையாகவும் ஊசியாகவும் நெடுநாள் எடுத்தவர்களிடம் கண்ணால் கண்ட அச்சம்.

நுரையீரலுக்கு வேண்டிய மருந்தை நுரையீரலிலேயே போட்டால் என்ன என்ற எண்ணத்துக்குக் கருவி முதலில் வந்தது. ரைக்கர் என்ற அமெரிக்க மருந்துக் கம்பெனித் தலைவரின் பதின்மூன்று வயது மகளுக்கு ஆஸ்துமா. தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரே போல என் மருந்தும் ஒரு டப்பாவில் வரக்கூடாதா என்று அவள் தகப்பனாரைக் கேட்டாளாம். 1956-இல் அளந்து பீய்ச்சும் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. அதில் வைக்கத் தகுந்த ஸ்டீராய்டு கிடைக்க இன்னும் பதினாறு ஆண்டுகள் ஆயின. 1972-இல் இங்கிலாந்தில் பெக்லோமெத்தசோன் இன்ஹேலர் வந்தது. பின்னர் புடசோனைடும், புளூட்டிகசோனும் வந்தன.

இனி, உறிஞ்சிய மருந்து எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து பார்ப்போம். என்னைப் போன்ற வேதியியல் மாணவனுக்கு இதுதான் சுவையான இடம்.

உறிஞ்சியதெல்லாம் நுரையீரலுக்குப் போய்விடுவதில்லை. பழகிய கையாக இருந்தாலும் ஐந்தில் ஒரு பங்கு போனால் பெரிது என்று வைத்துக்கொள்ளலாம். மிச்சம் வாயிலும் தொண்டையிலும் படிகிறது. வாய் கொப்பளிக்காவிட்டால் எச்சிலோடு இரைப்பைக்குள் இறங்கிக் குடல் வழியாகக் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதைச் சிதைத்து வெளியே அனுப்புகிறது. இந்தச் சிதைவுக்கு இலகுவாக அமைக்கப்பட்ட மூலக்கூறுகள் என்பதுதான் பிற்கால மருந்துகளின் கெட்டிக்காரத்தனம். விழுங்கிய புடசோனைடில் பத்தில் ஒரு பங்கே கல்லீரலைத் தாண்டி இரத்தத்துக்கு வருகிறது. புளூட்டிகசோனில் நூற்றில் ஒரு பங்குகூட வருவதில்லை. பழைய பெக்லோமெத்தசோனில் இன்னும் கூடுதலாக வரும்.

ஆனால் நுரையீரலில் இறங்கிய பங்குக்கு இந்தச் சோதனைச் சாவடி கிடையாது. அங்கே தன் வேலையைச் செய்துவிட்டு, மெல்லிய சவ்வுகள் வழியாக நேராக இரத்தத்தில் கலக்கிறது. மருந்து சரியாகப் போய்ச் சேர்ந்தால்தான் பலன். சரியாகப் போய்ச் சேர்ந்தால்தான் உடம்பு முழுவதற்கும் அது பரவும். இரண்டையும் பிரிக்க இன்னும் யாராலும் முடியவில்லை.

அம்மாவின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம். நுரையீரலுக்கு ஐந்தில் ஒன்று, அதாவது 80. அது முழுவதும் இரத்தத்துக்கு. மீதி 320-ஐ விழுங்கிவிட்டாள் என்றால் அதில் பத்தில் ஒன்று, 32. ஆக மொத்தம் 112 மைக்ரோகிராம். வாய் கொப்பளித்துத் துப்பினால் அந்த 32-இலும் பெரும்பகுதி குறைந்துவிடும். இது தோராயக் கணக்கு. ஆளுக்கு ஆள் மாறும்.

அந்த இரவுக்குப் பின் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பிரெட்னிசோலோன் மாத்திரை நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள் கொடுத்தார்கள். உயிர் காக்க வேண்டியிருந்ததால் கொடுத்தார்கள், குற்றமில்லை. ஆனால் 40 மில்லிகிராம் என்பது 40,000 மைக்ரோகிராம். ஐந்து நாளில் இரண்டு லட்சம். நாளுக்கு 400 வீதம் உறிஞ்சினால் இரண்டு லட்சத்தை எட்ட 500 நாள் ஆகும். எடைக்கு எடை புடசோனைடின் வீரியம் பல மடங்கு அதிகம், ஆகவே எடையை மட்டும் ஒப்பிடுவது முறையன்று என்று எங்கள் பேராசிரியர் குறுக்கிடுவார்; ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் 112 எங்கே, 40,000 எங்கே! மாத்திரையில் பெரும்பகுதி இரத்தத்துக்கு வந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 400 மைக்ரோகிராமுக்குப் பயந்து விட்ட மருந்து, ஐந்தே நாளில் அவளை மில்லிகிராமில் கொண்டுபோய் நிறுத்தியது. அந்தப் பயத்தை ஊட்டியவன் நான்.

அப்படியானால் துண்டுத்தாள் பொய்யா? இல்லை. அதையும் சொல்லாவிட்டால் நான் முதலில் செய்த தவறையே திருப்பிப் போட்டுச் செய்தவனாவேன்.

உடம்பு முழுவதையும் தொடும் விளைவுகளில் முதன்மையானது அட்ரினல் ஒடுக்கம். மூளையின் அடியிலுள்ள ஹைபோதலாமஸ் பிட்யூட்டரிக்கு ஆணையிட, பிட்யூட்டரி அட்ரினலுக்கு ஆணையிட, அட்ரினல் கார்டிசால் சுரக்கிறது. இரத்தத்தில் போதிய அளவு வந்ததும் மேலேயிருந்து ஆணை நிற்கும். வெளியிலிருந்து ஸ்டீராய்டு தொடர்ந்து வந்துகொண்டிருந்தால், சரக்குத்தான் இருக்கிறதே என்று மேலிடம் ஆணையே அனுப்பாது. வேலையில்லாத மில் போல அட்ரினல் சுருங்கிக் கிடக்கும். சாதாரண நாட்களில் தெரியாது. கடுங்காய்ச்சல், விபத்து, அறுவைச் சிகிச்சை என்று உடம்பு கூடுதல் கார்டிசால் கேட்கும் நாளில், அல்லது மருந்தைத் திடீரென்று நிறுத்திய நாளில், வாந்தி, மயக்கம், சர்க்கரை தாழ்வு, வலிப்பு என்று உயிருக்கே வந்துவிடும். பிரிட்டனில் மருத்துவர்களிடம் விசாரித்து 2002-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உறிஞ்சும் ஸ்டீராய்டு எடுத்துவந்தவர்களில் இத்தகைய அட்ரினல் நெருக்கடி கண்ட 33 பேர் பதிவாயினர். அவர்களில் 28 பேர் குழந்தைகள். 30 பேர் எடுத்தது புளூட்டிகசோன். நாளொன்றுக்கு 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை. குழந்தைகளுக்கு அது மிகையான அளவு. நோய் அடங்கிய பின்னும் அளவைக் குறைக்காமல் விட்டுவிடுவதால் வரும் வினை இது.

பெற்றோர் எல்லோரும் கேட்பது உயரத்தைப் பற்றி. இதற்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,041 குழந்தைகளைக் கொண்டு நடத்திய நெடிய ஆய்வு விடை தந்திருக்கிறது. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்கு நான்கு முதல் ஆறு ஆண்டுகள் வரை நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் புடசோனைடு கொடுத்தார்கள். வேறொரு பிரிவுக்கு வெற்று மருந்து. அவர்கள் வளர்ந்து ஆளான பின் அளந்தபோது, புடசோனைடு எடுத்தவர்கள் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குள்ளம். 2012-இல் இது வெளியாயிற்று. வளர்ச்சி தடைப்பட்டது முதல் இரண்டு ஆண்டுகளில்தான்; பிறகு ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகவில்லை. 1.2 சென்டிமீட்டர் என்பது சுண்டுவிரல் நகத்தின் அகலம். ஒன்றுமேயில்லை என்றும் சொல்லக்கூடாது, குழந்தை குள்ளனாகிவிடுவான் என்று மருந்தை ஒளித்து வைக்கவும் கூடாது.

கண்புரைக்கும் இந்த மருந்துக்கும் உள்ள தொடர்பை ஆஸ்திரேலியாவின் புளூ மவுண்டன்ஸ் பகுதி ஆய்வு 1997-இல் காட்டியது. எலும்பின் அடர்த்தி குறைவதும், வயதானவர்களுக்குத் தோல் மெலிந்து சிறு இடிக்கும் கன்றிப்போவதும் அதிக அளவில் பல ஆண்டுகள் எடுத்தால் காணப்படுகின்றன. நீரிழிவைப் பற்றிக் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு, இம்மருந்து எடுப்போருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 34 சதவீதம் கூடுதல் என்றும், மிக அதிக அளவு எடுப்போருக்கு 64 சதவீதம் கூடுதல் என்றும் கூறியது. இதை நூற்றில் 34 பேருக்குச் சர்க்கரை வந்துவிடும் என்று படிக்கக்கூடாது. ஏற்கெனவே வரக்கூடிய எண்ணிக்கையின்மேல் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது என்று பொருள். புள்ளியியல் தாளில் நான் மதிப்பெண் இழந்த இடமும் இதுவே.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. சில மருந்துகள் கல்லீரலின் சிதைக்கும் வேலையைத் தடுத்துவிடும். எச்.ஐ.வி.க்குத் தரும் ரிட்டோனவிர், பூஞ்சைக்குத் தரும் இட்ராகோனசோல், கீட்டோகோனசோல் ஆகியவை அவ்வகை. இவற்றோடு சேரும்போது சாதாரண அளவு புளூட்டிகசோனோ புடசோனைடோகூட மாத்திரை அளவுக்கு உடம்பை ஆட்டிவைக்கும். படர்தாமரைக்கு இட்ராகோனசோல் எழுதும் மருத்துவரிடம் இன்ஹேலரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும்.

இனி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவோம். பஸ்ஸில் அரைமணி நேரம். அங்கே என் சித்தி இருபது வருடமாகப் பால்கோவா கிண்டும் கொட்டகையில் வேலை செய்கிறாள். விறகடுப்பின் முன் நின்று பாலைச் சுண்டக் காய்ச்சும் வேலை. அவளுக்கும் மூச்சு முட்டுகிறது. ஆனால் அது ஆஸ்துமா அன்று. புகையால் நுரையீரல் கெட்டுக் குழல்கள் நிரந்தரமாகச் சுருங்கும் நோய். ஆங்கில எழுத்துகளில் சி.ஓ.பி.டி. என்கிறார்கள். பீடி சிகரெட்டுக்கு மட்டும் வருவதென்று நினைத்திருந்தேன்; விறகுப் புகைக்கும் வரும்.

அம்மா பிழைத்து வந்த மாதம் சித்தியைப் பார்க்கப் போனேன். முகம் உருண்டு பளபளவென்றிருந்தது. "மதினிக்கு உடம்பு தேறிருச்சு" என்று பக்கத்து வீட்டுக்காரி சந்தோஷப்பட்டாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரண்டு வருடமாக ஒரு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் 'இளைப்பு மாத்திரை' என்று கேட்டு வாங்கி விழுங்கி வந்திருக்கிறாள். அட்டையைப் பார்த்தேன்: பிரெட்னிசோலோன் 10 மில்லிகிராம். பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராம் என்பது கார்டிசால் 20 மில்லிகிராமுக்குச் சமம். ஆக, உடம்பு தானே சுரப்பதைப்போல் நான்கு மடங்கு நாள்தோறும் உள்ளே போயிருக்கிறது. இன்ஹேலர் வாங்கிக்கொள்ளச் சொன்னபோது அவள் சொன்ன பதில் இது: "ஐயோ, அது ஸ்டீராய்டாம்ல!"

அட்டையைப் பிடுங்கிச் சாக்கடையில் எறியத்தான் கை போனது. நல்லவேளையாக, முன்பு வாங்கிய அடி நினைவுக்கு வந்தது. அவளை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு வருடம் இந்த அளவு எடுத்தவளின் அட்ரினல் தூங்கிக்கொண்டிருக்கும், ஒரே நாளில் நிறுத்தியிருந்தால் விபரீதமாகியிருக்கும் என்று அங்கே சொன்னார்கள். சர்க்கரையும் ஏறியிருந்தது. சிறுகச் சிறுக, மாதக்கணக்கில்தான் குறைக்க வேண்டும்.

சித்திக்கு உறிஞ்சும் ஸ்டீராய்டு கொடுப்பதா என்பதிலும் டாக்டர் யோசித்தார். ஆஸ்துமாவில் இது மருந்துகளின் தலைவன், சி.ஓ.பி.டி.யில் அப்படியன்று. 2007-இல் வெளியான டார்ச் ஆய்வில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை மூன்றாண்டுகள் கவனித்தார்கள். வெற்று மருந்து எடுத்தவர்களில் 12.3 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. புளூட்டிகசோன் கலந்த மருந்து எடுத்தவர்களில் 19.6 சதவீதம் பேருக்கு. அதனால் சித்திக்குக் குழலை விரிக்கும் மருந்து மட்டுமே இப்போது தரப்படுகிறது. ஒரே மருந்து, அக்காளுக்கு நல்லது, தங்கைக்கு யோசித்துத் தரவேண்டியது.

எடுப்பதால் வரும் கேட்டை எழுதினேன். எடுக்காததால் வருவதையும் எழுதவேண்டும். கனடாவின் சஸ்காட்செவன் மாநிலத்தில் செய்து 2000-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆண்டில் கூடுதலாகப் பயன்படுத்திய ஒவ்வொரு டப்பா உறிஞ்சும் ஸ்டீராய்டுக்கும் ஆஸ்துமா மரணம் 21 சதவீதம் குறைந்தது. மருந்தை நிறுத்திய முதல் மூன்று மாதங்களில் மரணம் அதிகமாக இருந்தது. ஏழாவது வாரம் என்று நான் மேலே எழுதியதை நினைத்துக்கொள்ளுங்கள். உலக ஆஸ்துமா மரணங்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு இந்தியாவில் நேர்வதாக மதிப்பிடுகிறார்கள். இழுப்பு வந்தபோது மட்டும் குழலை விரிக்கும் மருந்தை அடித்துக்கொண்டு, அடியிலுள்ள அழற்சியை அப்படியே விட்டுவைப்பது இதற்கு ஒரு காரணம். 2019 முதல் சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டிக் குழுவான ஜீனா, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் அந்த விரிப்பு மருந்தை மட்டும் தருவது கூடாது என்று சொல்லிவருகிறது. அதே குழுவின் அட்டவணையில் புடசோனைடு நாளுக்கு 400 மைக்ரோகிராம் வரை குறைந்த அளவு. 800-க்கு மேல் போனால்தான் அதிக அளவு. அம்மா எடுத்தது குறைந்த அளவின் எல்லைக்குள்தான். அதைத்தான் டாக்டரம்மா கேட்டார்.

உறிஞ்சியதும் வாயைக் கொப்பளித்துத் துப்புவது வாய்ப்புண்ணையும் குரல் கம்முவதையும்கூடத் தடுக்கும். பீய்ச்சும் இன்ஹேலர் வைத்திருப்போர் ஸ்பேசர் என்னும் குடுவை வழியாக உறிஞ்சினால் தொண்டையில் படிவது வெகுவாகக் குறையும். ஸ்பேசருக்குக் காசில்லை என்பவர்களுக்கு ஒரு செய்தி: தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஹெதர் ஜார் என்ற மருத்துவர் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் துளையிட்டு இன்ஹேலரைப் பொருத்தி, இழுப்பு வந்த குழந்தைகளுக்குக் குழலை விரிக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். கடையில் விற்கும் ஸ்பேசருக்கு அது சளைக்கவில்லை. 1999-இல் வெளியான ஆய்வு. இந்தக் கேப்ஸ்யூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்குகிறவர்களும் உண்டு. எங்கள் தெருவிலேயே ஒரு பெரியம்மா ஒரு மாதம் விழுங்கிவிட்டு, "ஒண்ணும் கேக்கலையே" என்றாள். விழுங்கினால் கல்லீரல்தான் சாப்பிடும்.

நோய் மூன்று மாதம் அடங்கியிருந்தால் அளவைக் குறைக்க முடியுமா என்று மருத்துவரைக் கேட்பது நோயாளியின் உரிமை. அம்மாவை அழைத்துப் போய் அதைக் கேட்டேன். பனிக்காலம் போகட்டும், பங்குனியில் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. சித்தியின் மாத்திரை இப்போது அரை மாத்திரைக்கு வந்திருக்கிறது. அடுத்த மாதம் காலை எட்டு மணிக்கு இரத்தம் எடுத்துக் கார்டிசால் எவ்வளவு சுரக்கிறது என்று பார்த்த பிறகே மேற்கொண்டு குறைப்பார்கள். அன்றைக்கு முதல் பீரியடுக்கு நான் வரமாட்டேன் என்று துறைத்தலைவரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.